என் கணினியில் ஓடும் சிவாலய ஓட்ட வீடியோ மற்ற இடங்களில் ஓட மறுக்கிறது

கோதையாறு (குலசேகரம்)

இந்தச் சிவராத்திரிக்கு, பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிக்கிற சிவாலய ஓட்டத்தில் எங்கள் குழு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை ஓடியது. ஐபோனில் எடுத்ததையெல்லாம் டாவின்சி ரிசால்வில் வெட்டிச் சேர்த்து, பன்னிரண்டு கோயில்களின் பெயரையும் தமிழில் போட்டு, முக்கால் மணி நேரப் படமாக்கியிருக்கிறேன். என் கணினியில் எந்தக் குறையும் இல்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்த இடங்களில்தான் வம்பு.

ஊர்ப் படிப்பகத்தில் விண்டோஸ் 7 கணினி. அதில் "கோவிந்தா, கோபாலா" என்ற குரல் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. மாமா வீட்டு டிவி கோப்பின் பெயரைக் காட்டுகிறது, அழுத்தினால் ஆதரிக்காத வடிவம் என்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் தம்பியின் மடிக்கணினியில் படம் வருகிறது, ஆனால் காவி வேட்டியெல்லாம் சாயம் போய் வெளுத்துக் கிடக்கிறதாம்.

கோப்பு எம்பி4 தான். எம்பி4 எங்கும் ஓடும் என்றுதானே சொல்வார்கள்? பெயரின் கடைசியை ஏவிஐ என்று மாற்றியும் பார்த்தேன், பயனில்லை.

தோவாளை மல்லி

எல்லோரையும் விஎல்சி பிளேயரை நிறுவச் சொல்லுங்கள். முடிந்தது கதை.

வேளிமலை (தக்கலை)

முடியவில்லை, மல்லி. விஎல்சி அருமையான மென்பொருள்தான். 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டம். தனக்கு வேண்டிய கோடெக்குகளை, அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கிற நிரல்களை, தானே சுமந்து வருவதால், கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கவலை அதற்கு இல்லை. ஆனால் மாமா வீட்டுப் பழைய டிவியில் அதை எங்கே நிறுவுவது? படிப்பகக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கொடுப்பவர் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையை வாங்குகிற ஒவ்வொருவர் தலையிலும் கட்டுகிற யோசனை இது. இருபது பேருக்குக் கொடுத்தால் இருபது பேரும் நிறுவ வேண்டும். அதில் பாதிப் பேர் வயதானவர்கள், "வீடியோ கெட்டுப்போய்விட்டது" என்று சொல்லிப் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கோதையாறு தம்பி, எம்பி4 என்பது வெளியுறை மட்டும். உள்ளே படம் ஒரு கோடெக்கிலும் ஒலி இன்னொரு கோடெக்கிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சாக்கின் மேல் அரிசி என்று எழுதிவிட்டால் உள்ளே கிடக்கிற மரச்சீனி அரிசியாகாது. ஏவிஐ என்று பெயர் மாற்றியதில் நடந்தது அவ்வளவுதான். பழைய பெயரையே திரும்ப வையுங்கள்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, காட்டுவதை அப்படியே இங்கே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் விஎல்சியிலேயே படம் ஓடும்போது கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் விவரம் வரும். மல்லி சொன்ன விஎல்சி இங்கே உதவட்டும்.

தோவாளை மல்லி

சரி அண்ணாச்சி, விஎல்சி வேண்டாம். கோடெக் தொகுப்பு ஒன்றைப் பென் டிரைவிலேயே சேர்த்துக் கொடுத்தால்?

வேளிமலை

அதுவும் பார்ப்பவர் கணினியில் கை வைக்கிற வேலைதான். டிவிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தவிர, கோடெக் தொகுப்பு என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் போலிகளும் உண்டு. ஊர்ப் பொதுக் கணினியில் அந்த வினையை நான் விதைக்க மாட்டேன்.

கோதையாறு

மீடியாஇன்ஃபோ சொல்வது: படம் எச்இவிசி, மெயின் 10 புரொஃபைல். 3840 × 2160. நொடிக்கு 59.94 ஃபிரேம். பிட் ஆழம் 10. வண்ணம் பிடி.2020, எச்எல்ஜி. ஒலி ஏஏசி எல்சி, 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல். எனக்கு இதில் "இரண்டு சேனல்" மட்டும்தான் புரிகிறது.

வேளிமலை

புரிந்ததே போதும், ஒலியில் கோளாறு இல்லை. அதனால்தான் படிப்பகத்தில் குரல் கேட்டது. மற்ற மூன்று புகாருக்கும் காரணம் நீங்கள் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது.

முதலில் எச்இவிசி. இதையே எச்.265 என்றும் சொல்வார்கள். 2013-இல் வந்த தரம். 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதைக் கேள்விப்பட்டதே இல்லை. விண்டோஸ் 10 கணினிகளிலும் பலவற்றில் மைக்ரோசாஃப்டின் கடையிலிருந்து தனி நீட்சி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால்தான் விண்டோஸின் சொந்தப் பிளேயரில் ஓடும். ஐபோன் 2017 முதல், ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எச்இவிசியிலேயே எடுக்கிறது. நீங்களும் ஏற்றுமதி செய்யும்போது அதையே தேர்ந்திருக்கிறீர்கள்.

எச்.265 என்பதை 2003-இல் வந்த எச்.264 என்று மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸ் 7-இன் சொந்த எச்.264 கோடெக் 1920 × 1088 வரைதான் எடுத்துக்கொள்ளும். இப்போதிருக்கிற 3840 × 2160 அளவில், அதாவது 4கே-யாகவே கொடுத்தால் படிப்பகக் கணினி அப்போதும் முரண்டு பிடிக்கும். மாமா வீட்டு டிவி என்ன வகை என்று நீங்கள் சொல்லவில்லை. முழு எச்டி டிவி என்றால் பெரும்பாலும் லெவல் 4.1 வரைதான் தாங்கும், அதாவது 1920 × 1080, நொடிக்கு 30 ஃபிரேம். அதே அளவில் 60 ஃபிரேம் வைத்தால் லெவல் 4.2 ஆகிவிடும். சில டிவிகள் அதையும் ஓட்டும், சில திக்கும்.

சாயம் போன காவி வேட்டிக்கு வருகிறேன். எச்எல்ஜி என்பது எச்டிஆர் வகை, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் வழக்கத்தைவிடப் பரந்த வீச்சில் பதிகிற முறை. ஐபோன் 12 முதல் எச்டிஆர் பதிவு தானாகவே இயங்கும்படி வருகிறது. எச்டிஆர் காட்டத் தெரியாத திரையில், அதை மாற்றித் தரத் தெரியாத பிளேயரில் பார்த்தால் நிறம் வெளுக்கும். தம்பியின் மடிக்கணினி மேல் குற்றம் இல்லை. படத்தைச் சாதாரணத் திரைகளுக்கான ரெக். 709 வண்ணத்துக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ரிசால்வில் கலர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் வெளியீட்டு வண்ணத்தை ரெக். 709 என்று வையுங்கள். வைத்த பிறகு தீவட்டி வெளிச்சமும் காவி நிறமும் வருகிற காட்சிகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

ஆக, கொடுக்க வேண்டிய கோப்பு இது: எம்பி4 உறை, எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1, எட்டு பிட், 4:2:0, 1920 × 1080, நொடிக்கு 30 ஃபிரேம், ஒலி ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ். எட்டு பிட், 4:2:0 இரண்டும் நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகச் சேமிப்பது என்பதைக் குறிப்பவை. எட்டு பிட் என்பதை விட்டுவிடாதீர்கள். சில மென்பொருள்களில் எச்.264-க்கே 10 பிட் என்ற தேர்வும், 4:2:2, 4:4:4 என்ற தேர்வுகளும் இருக்கும். தரம் கூடுகிறதே என்று அவற்றைத் தொட்டால் விண்டோஸின் சொந்தப் பிளேயரும் டிவியும் கதவைச் சாத்திவிடும்.

இன்னொன்று. இப்போது கையில் இருக்கும் எச்இவிசி கோப்பை எடுத்து மாற்றாதீர்கள். படத்தொகுப்புத் திட்டத்தைத் திறந்து அங்கிருந்தே புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்கினால் இருட்டுக் காட்சிகள் நாசமாகும். சிவாலய ஓட்டத்தில் பாதி இருட்டுதானே.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ

வேளிமலை சார் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. நான் கல்யாண வீடியோ தொழிலில் இருப்பவன். 4கே-யில் எடுத்ததை 1080-க்கு இறக்கி, 60 ஃபிரேமை 30 ஆக்கி, பத்து பிட்டை எட்டாக்கிக் கொடுத்தால் எடுத்ததற்கே அர்த்தம் இல்லை. எச்.265-இல் அதே தரத்துக்குக் கோப்பு ஏறக்குறைய பாதி அளவில் முடிந்துவிடும். பழைய கணினி வைத்திருக்கிறவருக்காக எல்லோரும் பின்னோக்கிப் போக வேண்டுமா?

வேளிமலை

எல்லோரும் போக வேண்டாம், கொடுக்கிற பிரதி மட்டும் போனால் போதும். 4கே, 10 பிட், எச்இவிசி கோப்பைக் கோதையாறு தம்பி அழிக்கக் கூடாது. அது மூலப் பிரதி, வெளிவட்டில் பத்திரமாக இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து எல்லா டிவியும் அதை ஓட்டும்போது அதையே கொடுக்கலாம். இன்றைக்குப் படிப்பகத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிற முதியவருக்குப் பத்து பிட்டினால் என்ன லாபம், திரையே கறுப்பாக இருக்கும்போது?

உங்கள் தொழிலிலும் இதுதானே நடக்கிறது? கல்யாண வீட்டுக்காரர் கையில் கொடுக்கிற பென் டிரைவில் எதைப் போடுகிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ

எச்.264, 1080 தான். சிரிக்காதீர்கள். பெண் வீட்டார் அருமனையில், மாப்பிள்ளை வீட்டார் பாறசாலையில், அத்தை குவைத்தில் என்று இருந்தால் வேறு வழியில்லை. ஆனால் மூலப் பிரதியையும் அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அதில் மாற்றமில்லை.

பிட்ரேட் பற்றி, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தரவு ஒதுக்குவது என்பது பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற காட்சிக்கு நொடிக்கு ஐந்து மெகாபிட் போதும். சிவாலய ஓட்டம் அப்படியல்ல. ஓடுகிற கால்கள், ஆடுகிற விசிறிகள், கேமராவும் கூடவே ஓடுகிறது, போதாததற்கு இருட்டில் போன் கேமரா அள்ளிக் கொட்டுகிற புள்ளிகள். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் ஒற்றுமை இருந்தால்தான் கோடெக்கால் மிச்சம் பிடிக்க முடியும். இதில் எதுவுமே ஒத்துப்போகாது. ஐந்து மெகாபிட்டில் அடைத்தால் திற்பரப்புப் பாதை முழுக்கச் சதுரம் சதுரமாக உடையும்.

அதனால் நிலையான பிட்ரேட் வேண்டாம், நிலையான தரம் என்ற முறையில் சுருக்குங்கள். ரிசால்விலிருந்து இழப்பில்லாத அல்லது மிக உயர்ந்த பிட்ரேட் கோப்பாக எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொடுங்கள். அதில் ஆர்எஃப் என்ற அளவு இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 1080-க்கு 20 முதல் 24 வரை என்பது அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே தரும் பரிந்துரை. நான் உங்களுக்கு 21 சொல்வேன். கஷ்டமான காட்சிக்கு அதுவே கூடுதல் பிட் ஒதுக்கும், கோயில் வாசலில் நிற்கிற காட்சியில் மிச்சம் பிடிக்கும்.

முட்டம் கடற்காற்று

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்களை ஷாட்கட்டில் தொகுத்திருக்கிறேன். சேமித்த கோப்பைப் பங்குப் பணியாளரின் கணினிக்குக் கொண்டுபோனால் திறக்கவே இல்லை. அங்கேயும் ஷாட்கட் நிறுவிப் பார்த்தோம். அப்போது கோப்புகளைக் காணவில்லை என்ற பட்டியல்தான் வந்தது. கோப்பு சில கிலோபைட் மட்டுமே இருக்கிறது. இத்தனை பாட்டும் அதற்குள் எப்படி அடங்கும் என்று எனக்கே சந்தேகம்.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ

சந்தேகம் சரிதான், சகோதரி. நீங்கள் கொண்டுபோனது படம் அல்ல, திட்டக் கோப்பு. எந்த வீடியோவில் எந்த நொடியில் வெட்டுவது, எதன் பின் எதைச் சேர்ப்பது என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். வீடியோக்கள் உங்கள் கணினியில் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றனவோ அந்த முகவரியைத்தான் அது தேடும். சேமி என்பதை அழுத்தினால் குறிப்பு சேமிக்கப்படும். ஏற்றுமதி என்பதை அழுத்தினால்தான் படம் உருவாகும். பழைய விண்டோஸ் மூவி மேக்கர் காலத்திலிருந்தே என் கடைக்கு இந்தப் புகார் வருகிறது. மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது, புகார் நிற்கவில்லை.

ஷாட்கட்டில் ஏற்றுமதிப் பலகையைத் திறந்தால் முன்னமைவுகள் வரிசையாக இருக்கும். டீஃபால்ட் என்று இருப்பதையே விட்டால் எச்.264, ஏஏசி, எம்பி4 ஆகத்தான் வரும். உங்களுக்கு வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

முட்டம் கடற்காற்று

வந்துவிட்டது! பங்குப் பணியாளரின் கணினியில் ஓடுகிறது. பாடல் வரிகளைத் தனி எஸ்ஆர்டி கோப்பாகப் போட்டிருக்கிறேன், வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. கணினியில் சரியாக வருகிறது. கோயில் அரங்கில் இருக்கிற டிவியில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

களியக்காவிளை டீச்சர்

அந்தக் கட்டங்கள் வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துரு இருந்தாலும் சில டிவிகளில் இன்னொரு கூத்து நடக்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடில் மெய்யெழுத்தின் குறியீடு முதலில், கொம்பின் குறியீடு அதன் பிறகு. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. மலிவான டிவிகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. எஸ்ஆர்டியை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேமித்திருந்தும் டிவி இப்படித்தான் காட்டுகிறது என்றால் வரிகளைப் படத்தின் மேலேயே பதித்து ஏற்றுமதி செய்வதுதான் வழி. பதித்த எழுத்து படத்தின் பகுதியாகிவிடும். அதற்கு எந்த டிவியிலும் எழுத்துரு தேவையில்லை. கோதையாற்றின் கோயில் பெயர்கள் அப்படிப் பதிந்தவைதான், அவருக்கு இந்தத் தொல்லை வராது.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்றுமதி செய்த படத்தில் தொந்தரவு இல்லை. திட்டக் கோப்பை வேறு கணினியில் திறந்தீர்களானால், அங்கே பாமினி இல்லாவிட்டால், தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும்.

லினக்ஸ்காரர்களையும் மறக்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளில் உபுண்டு சார்ந்த கணினிகள்தான். உபுண்டுவை நிறுவும்போது கூடுதல் கோடெக்குகளையும் சேர்க்கச் சொல்லித் தேர்வு செய்யாவிட்டால் எச்.264 கூட அங்கே ஓடாமல் போகலாம். ஒரு கோப்பு உலகம் முழுக்க ஓடும் என்று வேளிமலை சார் உத்தரவாதம் கொடுத்துவிட வேண்டாம்.

வேளிமலை

உத்தரவாதம் கொடுக்கவில்லை, டீச்சர். இருப்பதில் குறைந்த வம்பு எதில் என்றுதான் சொல்கிறேன். அப்படிப்பட்ட கணினிக்குத் தேவையானதை நிறுவ அந்தப் பள்ளியிலேயே ஆள் இருப்பார். மாமா வீட்டு டிவிக்கு யார் இருக்கிறார்கள்?

கோதையாறு

ரெக். 709 வைத்து, ஸ்டுடியோ அண்ணன் சொன்ன வழியில் ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் 21 கொடுத்தேன். காவி நிறம் திரும்பிவிட்டது. ஒரு சிறிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் படிப்பகத்தில் போட்டுப் பார்த்தேன், படம் வந்தது. முழுப் படத்தில்தான் புதிய சிக்கல். கோப்பு ஐந்து ஜிபியைத் தொடுகிறது. பென் டிரைவில் பதினைந்து ஜிபி காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று சொல்லிக் கணினி ஏற்ற மறுக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நண்பர் ஆண்ட்ராய்டு போனில் எடுத்துக் கொடுத்த துண்டுகளில் முதலில் வாயசைவும் குரலும் சேர்ந்து இருக்கின்றன, போகப்போக விலகுகின்றன.

வேளிமலை

பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற கோப்பு அடுக்கு முறையில் இருக்கிறது. எவ்வளவு காலி இடம் இருந்தாலும் அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் கணினிக்குச் சரி, பழைய டிவிகளில் பல அதைப் படிக்காது. ஆர்எஃப் அளவைக் கூட்டிக் கோப்பைச் சுருக்கவும் வேண்டாம், ஸ்டுடியோக்காரர் சொன்ன சதுரங்கள் எட்டிப்பார்க்கும். படத்தை இரண்டாக வெட்டுங்கள். திருமலையிலிருந்து பன்னிப்பாகம் வரை ஆறு கோயில் ஒரு கோப்பு, கல்குளத்திலிருந்து திருநட்டாலம் வரை ஆறு கோயில் இன்னொரு கோப்பு. பார்ப்பவர்களுக்கும் நடுவில் எழுந்து காப்பி குடிக்க வசதி.

குரல் விலகுவதற்குக் காரணம் மாறும் ஃபிரேம் வேகம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் நொடிக்கு 30 ஃபிரேமை 24, 20 என்று தாமாகவே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு இத்தனை என்று ஒரே வேகத்தை நம்பி நடக்கிற தொகுப்பு மென்பொருள் அதில் ஏமாறும். நண்பர் கொடுத்த மூலத் துண்டுகளை முதலில் ஹேண்ட்பிரேக்கில் போட்டு, வீடியோ பகுதியில் நிலையான ஃபிரேம் வேகம், 30 என்று தேர்ந்தெடுத்து, ஆர்எஃப் அளவை 16 போலக் குறைவாக வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு திட்டத்தில் பழைய துண்டுகளின் இடத்தில் இவற்றை வையுங்கள்.

கோதையாறு

இரண்டும் நடந்தன, அண்ணாச்சி. குரல் ஒட்டிக்கொண்டது. படிப்பகத்தில் முழுப் படமும் ஓடுகிறது, மாமா வீட்டு டிவியிலும் ஓடுகிறது. தம்பிக்கு மட்டும் வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் சுருங்கிவிடுமே?

மார்த்தாண்டம் ஸ்டுடியோ

வீடியோவாக அனுப்பினால் சுருங்கும். இணைப்பில் ஆவணம் என்பதைத் தேர்ந்து அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் 2 ஜிபி வரைதான். உங்கள் இரண்டு துண்டுகளும் அதைத் தாண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள், தம்பி பதிவிறக்கிப் பார்க்கட்டும். உலாவியிலேயே பார்த்துவிட்டுத் தரம் போதவில்லை என்று சொல்லப்போகிறார். அங்கே தெரிவது கூகுள் தன் வசதிக்குச் சுருக்கிக் காட்டுகிற பிரதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோவாளை மல்லி

தம்பியின் மடிக்கணினியில் விஎல்சி இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். சும்மாதான் சொல்கிறேன், அண்ணாச்சி கோபப்பட வேண்டாம்.

வேளிமலை

கோபம் இல்லை, மல்லி. கோதையாறு தம்பிக்கு ஒரு சின்ன விஷயம்: பென் டிரைவில் கோப்புப் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். தமிழ்ப் பெயரைச் சில டிவிகள் கட்டங்களாகக் காட்டும், எது முதல் பகுதி என்று மாமாவுக்குத் தெரியாது. பென் டிரைவைக் கழற்றும் முன் பாதுகாப்பாக நீக்கு என்பதைக் கொடுத்துவிட்டே கழற்றுங்கள். நகல் முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் கணினி எழுதிக்கொண்டிருக்கலாம். கடைசித் துணுக்கு எழுதப்படாமல் போனால் முழுக் கோப்புமே திறக்காமல் போக வாய்ப்பு உண்டு. பல எம்பி4 கோப்புகளில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த அட்டவணை முன்னால் வந்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றுகிற பிரதிக்கும் அதுவே நல்லது.